கொழுந்தே நிறுத்தும் காற்றாடி

ஞாயிற்றுக்கிழமை பட்டிப்பொலவுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். டக்ளசுக்கோ லீவு கிடைக்கவில்லை.

அவன் தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீசியன். சனிக்கிழமை பறிக்கும் கொழுந்து பெரிய காற்றாடியின் காற்றில் விடிய விடிய மாடியில் வாடும். ஞாயிறு காலை பதம் வந்ததும் காற்றாடியை நிறுத்த அவன் அங்கே நிற்க வேண்டும்.

"காத்தாடி தானா நின்னுட்டா போகலாமாங்கய்யா?" என்று தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் கஸ்பரிடம் கேட்டான்.

"நின்னா போ. அதுக்கென்ன மூளையா இருக்கு?"

புதன்கிழமை ஓர் அலாரம் கடிகாரத்தைக் கயிறு போட்டுச் சுவிட்சோடு கட்டினான். மணி அடித்தது, சாவி சுழன்று கயிற்றை இழுத்தது, காற்றாடி நின்றது. ஆனால் அன்று ஒரே பனிமூட்டம். கொழுந்து குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

"கொழுந்துக்கு மணி பார்க்கத் தெரியுமாடா? மழைக்கு ஒரு நேரம், வெயிலுக்கு ஒரு நேரம்!" என்று கஸ்பர் கத்தினார்.

"அப்ப கொழுந்தே சொல்லட்டுங்கய்யா."

மறுநாள் ஒரு நீளக் கட்டையைத் தராசுபோல் தொங்கவிட்டான். ஒரு முனையில் கொழுந்துத் தட்டு, மறுமுனையில் கல். ஈரம் வற்ற வற்றத் தட்டு இலேசாகி மேலே போகும். கல் கீழே இறங்கிச் சுவிட்சை இழுக்கும்.

வெள்ளிக்கிழமை காலை சோதனை. பதம் வருவதற்கு வெகு முன்பே கல் இறங்கிவிட்டது. காற்றாடி நின்றது. மாடியில் கொழுந்து இன்னும் பச்சையாகவே கிடந்தது.

"பொண்ணு வீட்டுக்குச் சொல்லி அனுப்பிரு, அடுத்த மாசம் வர்றேன்னு" என்றார் கஸ்பர்.

அதற்குள் வேறு யாராவது பெண் கேட்டு வந்துவிட்டால்? டக்ளஸ் தராசுப் பக்கம் திரும்பினான். அப்போதுதான் கவனித்தான். பேசிக்கொண்டே கஸ்பரின் கை தட்டுக்குள் போய் ஒரு பிடி கொழுந்தை அள்ளியது. கசக்கினார், மோந்தார், கீழே போட்டார். தரையெல்லாம் கசங்கிய கொழுந்து!

"ஐயா, உங்க கை!"

"என் கைக்கென்ன?"

இலை பரப்பும் வீரய்யா சிரித்துவிட்டார். "ஐயா மட்டுமா? நானுந்தான் போறப்ப வாறப்ப ஒரு பிடி. கொழுந்தைப் பார்த்தா யாருக்குக் கை சும்மா இருக்கும்?"

டக்ளஸ் தராசுத் தட்டை மறுபடி நிரப்பிக் காற்றாடியைப் போட்டான். பக்கத்தில் இன்னொரு தட்டை வைத்தான். "கை அரிக்கிறவங்க எல்லாம் இதுல அள்ளுங்க!"

மத்தியானம் கல் மறுபடி இறங்கியது. கஸ்பர் மாடிக்கு ஓடினார். ஒரு பிடி கசக்கி மோந்து பார்த்தார். இன்னொரு பிடியும் பார்த்தார்.

"போய்ட்டு வாடா" என்றார்.

ஞாயிறன்று பட்டிப்பொலவில், பெண் சிசிலியின் அப்பா அவன் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு விசாரித்தார்: "இப்ப அங்க காத்தாடியை யாரு பார்த்துக்கிறா?"

"தானாவே நின்னுருங்க."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப உங்களுக்கு அங்க வேலையே இல்லைங்கிறீங்க?"

திரைக்குப் பின்னாலிருந்து சிசிலியின் குரல் வந்தது:

"அப்பா, ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கிற மாப்பிள்ளைதான் எனக்கு வேணும்!"

உள்ளே பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே, கல்யாணத்துக்கு மாதா கோயில் சாமியாரிடம் எப்போது போய்ப் பேசலாம் என்று கேட்டார்.