மறுமொழி தேவையில்லை

"மேல் பொத்தானப் பூட்டாத புள்ள. கழுத்து இறுகினா அவனுக்குப் புடிக்காது" என்றாள் மாமி.

ஆர்த்திகா பூட்டிய பொத்தானைத் திரும்பக் கழற்றினாள். சவப்பெட்டிக்குள் உதயரூபன் வெள்ளைச் சேர்ட்டும் வேட்டியுமாகப் படுத்திருந்தான். அவள் புருசன். கட்டாரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் திரும்பி வந்தவன். வருசக்கணக்காகக் கட்டிலில் கிடந்து, படுக்கைப் புண்ணில் கிருமி ஏறி, நேற்று ஆஸ்பத்திரியில் முடிந்துபோனான். நாற்பது கூட ஆகவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் அவன் சிரிப்பைப் பற்றியே கதைத்தார்கள். கிடையில் கிடந்தும் எப்படிப் பகிடி விட்டான், பார்க்கப் போனால் ஒருவரையும் சும்மா விடமாட்டானே என்று. வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். அவனுக்கு நோய் போகவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

மாமி மட்டும் அந்தக் கதையில் சேரவில்லை. இது ஆர்த்திகாவின் சீதன வீடு. கண்ணகை மாமி மாங்கேணியிலிருந்து மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் விருந்தாளி மாதிரி ஓரமாக இருப்பாள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. இப்போது ஆர்த்திகாவின் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ கம்பஸில மனக்கவலைக் கேள்வியெல்லாம் எழுதுறனீதானே. அவனிட்டயும் கேட்டுக் கேட்டுத்தானே எழுதினனீ. மறைக்காமச் சொல்லு. என்ட புள்ள மனசு நொந்து கிடந்தானா?"

ஆர்த்திகா மற்றக் கையால் கதவைச் சாத்தினாள்.

"வயல் வட்டையோட இருக்கிறன் எண்டுதான் சொன்னவன். நான்தான் கட்டாருக்குப் போ போ எண்டு கலைச்சனான். அதான் கேக்கன்."

கேட்டது உண்மைதான். ஆங்கிலத்தில் இருந்த ஒரு வினாக்கொத்தை இந்தப் பக்கத்துச் சனம் கதைக்கும் தமிழுக்குக் கொண்டுவருவது வந்தாறுமூலைக் கம்பஸில் ஆர்த்திகாவின் வேலை. ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று கிளினிக்கில் கேட்டறிவதற்கான கேள்விகள். எழுதிய கேள்வியைச் சாதாரண ஆள் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, இதில் உங்களுக்கு என்ன விளங்குது, நீங்களென்றால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஆளுக்குக் கவலை இருக்கா இல்லையா என்பது அந்தக் கட்டத்தில் கணக்கில் வராது.

அவளுக்குக் கைக்கெட்டிய ஆள் உதயரூபன்தான். எங்கேயும் போகமாட்டான்.

"ஆர்வமின்மையாம். இது நோட்டீஸ் அடிக்கிறவன்ட தமிழ். ஒண்டிலயும் மனம் போகுதில்ல எண்டு எழுது" என்பான். அவள் எழுதுவாள்.

சாவு பற்றிய கடைசிக் கேள்விக்கு எதை எழுதினாலும் ஆட்கள் முகத்தைத் திருப்பினார்கள். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கனநேரம் கிடந்தான். பிறகு, "விடியக்குள்ள கண் முழிக்காம விட்டா நல்லம் எண்டு நினைக்கிறீங்களா, அப்பிடிக் கேளு. ஆக்கள் வெக்கப்படாமச் சொல்லுவாங்க" என்றான். கம்பஸில் எல்லோரும் அந்த வசனத்தைப் புகழ்ந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவனும் சிரித்தான்.

திருத்திய அந்தக் கேள்வியை அவனுக்கே மறுபடி வாசித்த அன்று, "அனேகமா ஒவ்வொரு நாளும்" என்றான்.

"மறுமொழி தேவையில்லங்க. விளங்குதா எண்டு மட்டும் சொல்லுங்க."

"விளங்குது."

அவள் அதைக் குறித்துக்கொண்டு குசினிக்குப் போய் அரிசி களைந்தாள்.

மாமியின் பிடி இன்னும் ஆர்த்திகாவின் மணிக்கட்டில் இறுகியிருந்தது. ஓம் என்று சொன்னால் இந்த மனுசி இன்றைக்கே விழுந்துவிடும். தெரியாது என்று சொன்னாலும் அதேதான்.

"இல்ல மாமி. அவர் சந்தோசமாத்தான் இருந்தவர். எல்லாக் கேள்வியும் கேட்டுப் பாத்தனான். ஒரு குறையும் இருக்கல்ல."

பிடி தளர்ந்தது. மாமி மூக்கைச் சிந்தி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பாலில்லாத பிளேன்ரீ ஒன்று கேட்டு வாங்கிக் குடித்தாள். ஆர்த்திகா தப்பினேன் என்று நினைத்தாள்.

தப்பவில்லை. செங்கலடியிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி மாமியைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கியதும், "ஆர்த்திகா, இஞ்ச வா. இவவுக்கும் சொல்லு" என்று மாமி கூப்பிட்டாள். ஆர்த்திகா சொன்னாள். அடுத்தது அவன் பள்ளிக்கூடச் சினேகிதன். அதற்குப் பிறகு பூசாரியார் பெண்சாதி. "இவள் படிச்சவள், கேட்டுப் பாத்தவள்" என்று மாமி முன்னுரையும் கொடுத்தாள்.

கம்பஸில் கூட வேலை செய்யும் றிஸ்லா வந்தபோதும் மாமி விடவில்லை. றிஸ்லாவுக்கு அந்த வேலை முறை தெரியும். உதயரூபனின் மறுமொழியை யாரும் எடுக்கவில்லை என்பதும் தெரியும். ஆர்த்திகா அவள் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொல்லி முடித்தாள். றிஸ்லா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழும்பிப் போனாள். கேட்டிருந்தால் ஆர்த்திகா எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள்.

பறை முன்னால் போக ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். ஆர்த்திகாவுக்கு வாவிக்கரைப் பக்கம் போய்த் தனியாக நின்று கத்த வேண்டும் போலிருந்தது. பின்கதவுக்குப் போனாள். "செத்தவீட்டுத் துடக்கோட வெளியில போகாத புள்ள" என்று யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்து பாயில் இருத்தினார்கள்.

பொழுதுபட, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. மாமி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கையை வைக்காமல் இருந்தாள். அப்போதுதான் வாகரையிலிருந்து மாமியின் தங்கச்சி, பஸ் பிந்திப்போய் வந்து சேர்ந்தாள். முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று அழுதுவிட்டுக் கேட்டாள், "மிச்சம் கஷ்டப்பட்டுத்தான் போனானா அக்கா?"

"ஆர்த்திகா" என்றாள் மாமி.

ஆர்த்திகா எழும்பி வந்து சொன்னாள். இப்போது தடங்கலில்லாமல் வந்தது. யாரும் கேட்காமலே, போன கிழமை ரீவியில் எதையோ பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

மாமி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"இன்னும் சொல்லு."

ஆர்த்திகா பக்கத்தில் இருந்து, பருப்புக் கறியை அள்ளி அவள் தட்டில் விட்டுக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.