வாளியை உதைத்த இயக்குநர்

கொஸ்த்ரமா நகரத்தில் கம்பளி பூட்ஸ் செய்யும் எங்கள் ஆலையில், புதன்கிழமைதோறும் வேலை முடிந்ததும் ஆங்கில வகுப்பு நடக்கும். ஹோம்வுட் என்ற இங்கிலாந்து வியாபாரி பூட்ஸ் வாங்க வரப்போகிறார் என்று இயக்குநர் புரோகோர் சாவிச் செய்த ஏற்பாடு அது. கேன்டீனில், முட்டைக்கோஸ் சூப் வாசனைக்கு நடுவே, ரிம்மா டீச்சர் ஆங்கில மரபுத்தொடர்களுக்கு அர்த்தம் சொல்லித் தருவார்.

விற்பனைப் பிரிவுத் தலைவர் வெனியமின் லிவோவிச் மட்டும் வகுப்புப் பக்கம் தலைகாட்ட மாட்டார். மறுநாள் காலையில் பேக்கிங் பிரிவுக்கு வந்து, உல்யானாவின் மேசையில் தன் நோட்டைப் போடுவார்.

"உல்யா, நேத்து நடத்துனதை அர்த்தத்தோட எழுதி வை. கோழி கிறுக்கின மாதிரி எழுதாதே."

மூன்று மாதம் எழுதிக் கொடுத்தாள். ஒரு நன்றி கிடையாது. நாலாவது மாதம் டீச்சர் 'வாளியை உதைப்பது' என்ற தொடரை நடத்தினார். ஆங்கிலத்தில் அதற்கு மண்டையைப் போடுவது என்று பொருள். உல்யானாவோ வெனியமின் நோட்டில், 'ஊருக்கு வெளியே போய், நீராவிக் குளியல் போட்டு, நன்றாக ஓய்வெடுப்பது' என்று முத்து முத்தாக எழுதிவைத்தாள்.

பக்கத்து மேசைக்காரியான எனக்குப் பகீரென்றது. "அடிப்பாவி, மாட்டிக்கப்போறே!"

"குளிக்கிற எடத்துல வாளி இருக்கும்ல? மனுஷன் அப்படியே நம்பிடுவாரு, பாரேன்."

நம்பினார். அந்த வெள்ளிக்கிழமை மதியம், இயக்குநர் மனைவியோடு தன் தோட்ட வீட்டுக்குக் குளியல் போடக் கிளம்பினார். சற்று நேரத்தில் ஹோம்வுட் மாஸ்கோவிலிருந்து போன் செய்தார். ஒரு கையெழுத்து வாங்க வெனியமின் அறைக்குப் போயிருந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். வெனியமின் நோட்டைப் புரட்டிக்கொண்டு, அறை அதிர ஆங்கிலத்தில் பேசினார்.

"டைரக்டரா? அவரு இன்னிக்கு மத்தியானம்தான் வாளியை உதைச்சாரு."

நோட்டில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

"ரொம்ப நாள் ஆசைங்க. நாங்கதான் வற்புறுத்தி அனுப்பிவெச்சோம். சம்சாரமும் கூடவே உதைச்சிட்டாங்க. நானும் அடுத்த மாசம் உதைக்கலாம்னு இருக்கேன். நீங்களும் ஒருதரம் உதைச்சுப் பாருங்க, உடம்புக்கு அவ்வளவு நல்லது!"

ஓடிப்போய் உல்யானாவிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு முகம் வெளுத்துப்போய், "சொன்னாலும் வேலை போச்சு, சொல்லாட்டியும் போச்சு" என்று பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை இயக்குநர் வேகவைத்த பீட்ரூட் மாதிரிச் சிவந்த முகத்தோடு, விருந்தாளியை வரவேற்க எங்கள் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் ஏந்தி வாசலில் நின்றார். ஹோம்வுட் கறுப்பு டை கட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். கையில் நாலு சிவப்புக் கார்னேஷன் பூக்கள். எங்கள் ஊரில் இரட்டைப்படையில் பூ கொண்டுபோவது கல்லறைக்குத்தான். யாரோ அவருக்குச் சரியாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எதிரில் நிற்பவரைப் புதிய இயக்குநர் என்று நினைத்து, தழுதழுத்த குரலில் பேசிவிட்டுப் பூவை நீட்டினார். இயக்குநர் பூக்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ரிம்மா மார்கொவ்னா, என்ன சொல்றாரு இவரு? யாரு செத்தா?"

"நீங்கதான், புரோகோர் சாவிச்" என்றார் டீச்சர் மெல்ல. "உங்க வீட்டம்மாவும்."

விசாரணைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெனியமின் தானாகவே நோட்டை எடுத்து நீட்டினார். "என் தப்பில்லை சார், இதுல அப்படித்தான் போட்டிருக்கு!"

"இது உன் கையெழுத்து இல்லையே?"

இயக்குநர் நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். உல்யானா முன்னால் வந்தாள். "நான்தான் எழுதுனேன். மூணு மாசமா சரியாத்தான் எழுதிக் கொடுத்தேன். இது ஒண்ணுதான் வேணும்னே தப்பா எழுதுனது."

இயக்குநர் அவளை உற்றுப் பார்த்தார். டீச்சர் ஹோம்வுட்டுக்கு விஷயத்தை விளக்க, அவர் முதலில் திகைத்தார். பிறகு கார் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அதைப் பார்த்து இயக்குநருக்கும் சிரிப்பு பீறிட்டது. ஒரு பூவை உருவி உல்யானாவிடம் கொடுத்தார்.

"பேச்சுவார்த்தைக்கு நீயும் வந்து உக்காரு. இனிமே யாரையும் சாகடிச்சுடாதே."

அறுநூறு ஜோடி பூட்ஸ் விலைபோனது. வெனியமினுக்குப் புதன்கிழமை வகுப்பில் முதல் வரிசை உத்தரவானது. அடுத்த வாரமே டீச்சர், 'நாயும் பூனையுமாகப் பெய்கிறது' என்றால் ஆங்கிலத்தில் கொட்டும் மழை என்று நடத்தினார்.

வெனியமின் பேனாவை மூடிவைத்தார். "போதும் டீச்சர். இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்."