லிட்டருக்கு ஏழு

சுகுணாவுக்கு யாரையும் லேசில் நம்பும் வழக்கமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை இரண்டு முறை முகர்ந்து பார்ப்பாள். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். இந்த உலகத்தில் அவள் முழுசாக நம்பிய ஒரே ஆள், கட்டிய புருஷன் அருள்குமார். எவன் எவன் எப்படி எப்படி ஏமாற்றுவான் என்று அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தானே!

அருள்குமார் லாரி வைத்து ஓட்டியவன். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் வண்டி பாறையில் மோதி, முதுகில் அடிபட்டு, இரண்டு வருஷமாக வீட்டோடு கிடக்கிறான். பிரேக் வேலை பார்த்த மெக்கானிக் வீட்டு வாசலுக்கே போய், சுகுணா மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். அடி வாங்கிய லாரியைத் தட்டி நிமிர்த்திக் கொண்டுவந்து பாப்பாரப்பட்டி வீட்டுப் பக்கத்தில் நிறுத்தியதோடு சரி. அரூரிலிருந்து பழைய இரும்பு வாங்குகிற ஆள் வந்து, டயரை உதைத்துப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்லிப் போனார். அந்த உதை தன் மேலேயே விழுந்தாற்போல் இருந்தது சுகுணாவுக்கு. வீட்டுக்கு என்று இருந்த ஒரே சொத்து அந்த லாரிதான்.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. வெள்ளைக்காரர்கள் கூட்டமாக ஒரு லாரியில் ஏறிப் பாலைவனமெல்லாம் சுற்றுகிறார்கள். அவர்களே சமைக்கிறார்கள், அவர்களே பாத்திரம் கழுவுகிறார்கள், கூடாரம் போட்டுப் படுக்கிறார்கள். இவ்வளவு பாடும் பட்டுவிட்டு அதற்குக் காசு வேறு கொடுக்கிறார்கள்! நம்ம ஜனம் மட்டும் வராதா என்று சுகுணா யோசித்தாள்.

லாரியின் பின்பக்கத்தில் ஜன்னல் வெட்டினாள். பெஞ்சு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, அடுப்புக்கு ஒரு பெட்டி அடித்தாள். ஆள் ஏற்றுவதற்கான பர்மிட்டுக்குச் செருப்பு தேய அலைந்தாள். ஒகேனக்கல், வத்தல்மலை, பிறகு சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி. ஆளுக்கு ஒரே தொகை, அதுவும் பஸ் டூர்க்காரர்கள் வாங்குவதில் பாதி. முதல் டிரிப் நல்லபடியாக முடிந்தால் அடுத்த டிரிப்புக்கு ஆள் சேரும், லாரி தங்கும். முடியாவிட்டால் இரும்புக்கடைதான்.

தொகை அவ்வளவு குறைவாக இருந்ததே ஊருக்குச் சந்தேகமாகிவிட்டது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயரான ராணியம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"இவ்ளோ கம்மிக்கு எப்படிம்மா கூட்டிட்டுப் போவ? நடுவுல எங்கியாவது எறக்கி, பாத்திரம் விக்கிற மீட்டிங்குல உக்கார வெச்சிருவியா?"

"சோறு நாமளே ஆக்கிக்கறோம், படுக்கையும் நம்மளுது. டீசல் ஒண்ணுதான் செலவுங்க ராணிம்மா."

அந்த டீசல் கணக்கு அருள்குமார் போட்டுக் கொடுத்தது. "நம்ம வண்டி லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் குடுக்கும். என் கையில குடுத்துச்சு" என்று படுத்தபடியே மார்தட்டினான். அந்த ஏழு கணக்கை வைத்துத்தான் சுகுணா ஆள் தொகையைத் தீர்மானித்தாள். டிரைவராக வர ஒப்புக்கொண்ட குப்புராஜ், முன்பு அருள்குமாருடன் மாற்றி மாற்றி வண்டி ஓட்டியவன். குறைந்த கூலிக்கு வருகிறேன் என்றான். அதுவே சுகுணாவுக்கு உறுத்தியது. அருள்குமார் அந்த உறுத்தலுக்கு எண்ணெய் ஊற்றினான்.

"டேங்குல டியூப வுட்டு உறிஞ்சி, கேன்ல புடிச்சி வித்துருவானுங்க. கேன் மேல ஒரு கண்ணு வெச்சிக்க."

வண்டி கிளம்பிய நிமிஷத்திலிருந்து சுகுணாவின் கண் ஒரு வெள்ளைக் கேன் மேலேயே இருந்தது. குப்புராஜின் சீட்டுக்குப் பின்னால் கிடந்தது அது. ஒகேனக்கலில் எல்லோரும் அருவியைப் பார்த்தார்கள், அவள் கேனைப் பார்த்தாள். வத்தல்மலை ஏறி, சாயங்காலம் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தபோது குப்புராஜ் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் தெரிந்த வீட்டுப் பக்கம் நடந்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். போகும்போது கேன் கனமாக இருந்ததா, வரும்போது கனமாக இருந்ததா என்று பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துச் சோறு அடிப்பிடித்துத் தொலைத்தது.

"எங்க போனான் உன் டிரைவரு?" என்று ராணியம்மாள் காதருகில் வந்து கேட்டாள்.

"தெரியலீங்க" என்றாள் சுகுணா. தெரிந்துவிட்டது என்றே அவள் மனசு சொல்லியது.

மறுநாள் காலையில் மலை இறங்கி, தருமபுரி பங்க்கில் டேங்கை நிரப்பினார்கள். ஓடிய தூரத்தை சுகுணா டீசலால் வகுத்துப் பார்த்தாள். ஐந்துகூட வரவில்லை. இப்படியே போனால் மதுரையைத் தாண்டக் காசு இருக்காது. வண்டியிலிருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க, அவள் குப்புராஜை மறித்து நின்றாள். நேற்றுவரை தம்பி என்று கூப்பிட்டவள் அன்று அந்த வார்த்தையைத் தொடவில்லை.

"டீசல் எங்க போச்சு டிரைவரு?"

"மலை ஏறியிருக்குது அண்ணி. ஏத்தத்துல வண்டி குடிக்கத்தான் செய்யும். சமதரையிலயே இது அஞ்சரைக்கு மேல குடுக்காதுங்க."

"எங்கூட்டுக்காரரு கையில ஏழு குடுத்துச்சே?"

"அண்ணன் ஓட்டுனது வேறங்க."

"என்னா வேற? அவரு திருடல. அதான் வேற!"

பங்க் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். குப்புராஜின் முகம் கறுத்துவிட்டது. 

"இனிமே லிட்டருக்கு ஏழு வரணும். வரலன்னா சேலத்துல வேற டிரைவரப் பாத்துக்கறேன். நீ திருடன்னு ஊரு பூரா சொல்லுவேன்" என்றாள் சுகுணா.

"சரிங்க அண்ணி. அண்ணன் எப்படி ஓட்டுனாரோ, அதே மாதிரி ஓட்டிக் காட்டறேன்."

அவனைக் காவல் காக்க சுகுணா முன்சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தாள். ரோட்டை அவள் பார்க்கவே இல்லை. அவன் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள். டோல்கேட் தாண்டி, தொப்பூர் இறக்கம் தொடங்கும் இடத்தில், அந்தக் கை கியர்க் கம்பியை நடுவுக்குத் தள்ளிவிட்டு விலகியது. அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த எஞ்சின் சத்தம் அடங்கிப்போனது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. லாரி சுகமாக உருண்டது.

"என்னா பண்ணுன?"

"நியூட்ரல்ங்க அண்ணி. எஞ்சினுக்கு வேல இல்ல, வண்டி சும்மா உருளும். டீசல் மிச்சம். இப்ப வரும் பாருங்க ஏழு."

ரோட்டோரத்தில் ஒரு பெரிய போர்டு வந்தது. நியூட்ரலில் வாகனத்தை இறக்காதீர்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் என்று எழுதியிருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் பார்த்த போர்டுதான். டிரைவர்களுக்கு என்னவோ எழுதியிருக்கிறது என்று விட்டுவிடுவாள். இன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்து முடிப்பதற்குள் போர்டு பின்னால் போய்விட்டது.

"வேணாம். கியர் போடு!"

குப்புராஜ் பிரேக்கை அழுத்தினான். வேகம் குறைந்து மறுபடி ஏறியது. திரும்பவும் அழுத்தினான். ரப்பர் கருகும் வாடை கேபினுக்குள் வந்தது. மூன்றாவது முறை அழுத்தியபோது அவன் உதடு காய்ந்துபோனதை சுகுணா பார்த்தாள்.

"புடிக்கலீங்க அண்ணி."

அந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அருள்குமார் முதலில் சொன்ன வார்த்தை அது.

பின்னாலிருந்து ராணியம்மாள் கேபின் தகரத்தைப் படபடவென்று தட்டினாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. குப்புராஜ் கியர்க் கம்பியோடு மல்லுக்கட்டினான். பல்சக்கரம் கரகரவென்று கத்தியதே தவிர, கியர் விழவில்லை. கடைசியில் எஞ்சினை உறுமவிட்டு ஒரே குத்தாகக் குத்தினான். கியர் விழுந்தது. லாரி முதுகை உலுக்கிக்கொண்டு வேகம் தணிந்தது. இடது ஓரத்தில் கொட்டி வைத்திருந்த மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினான்.

யாருக்கும் அடியில்லை. குழம்புதான் கொட்டிவிட்டது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது. ஜனம் முண்டியடித்து இறங்கி, மலைப் பக்கமாக ஒதுங்கி நின்றது. சுகுணா இறங்கி, ஆட்களை ஒவ்வொருவராக எண்ணினாள். எண்ணி முடித்து மண்ணில் உட்கார்ந்தாள். குப்புராஜ் கியரை எடுக்காமலேயே எஞ்சினை அணைத்தான். பிறகுதான் இறங்கி வந்தான்.

"வண்டி நெறைய ஜனத்த வெச்சிக்கிட்டு இந்தக் காரியம் செஞ்சிருக்கக் கூடாதுங்க அண்ணி. திருடன்னதும் புத்தி கெட்டுப்போச்சி."

யாரோ சக்கரத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். சுகுணா வேகமாக எழுந்து, கேபினிலிருந்து அந்த வெள்ளைக் கேனை எடுத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். வெறும் தண்ணீர்.

"ஊத்தாதீங்க, சூட்டுல பிரேக் ட்ரம் வெடிச்சிரும். தானா ஆறட்டும்" என்று குப்புராஜ் கேனை வாங்கி வைத்தான். "இது ரேடியேட்டருக்குங்க. கொஞ்சம் ஒழுவுது. சொன்னா செலவுன்னு பயந்துக்குவீங்கன்னு நானே அங்கங்க புடிச்சி ஊத்திக்கிட்டு வந்தேன்."

சுகுணாவுக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நேராக ஜனத்திடம் போனாள். டீசல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன், இந்தக் காசுக்கு மதுரை வரைதான் போக முடியும், கன்னியாகுமரிக்கு முடியாது, வேண்டாம் என்பவர்கள் சொல்லுங்கள், திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றாள். சொல்லும்போதே அரூர் ஆள் டயரை உதைப்பது கண்ணுக்குள் தெரிந்தது.

ராணியம்மாள் புடவையில் தெறித்திருந்த குழம்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "மீட்டிங்கு கீட்டிங்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்லீங்க."

"எங்கியோ ஓட்ட இருக்குதுன்னு நானும் கெளம்புனதுலருந்து தேடறேன். இதான் ஓட்டன்னா பரவால்ல. மதுர வரைக்கும் போவோம். ஆனா நீ பைசா மிச்சம் புடிக்கறேன்னு எங்கள உருட்டி வுட்டுறாத."

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் பையைத் தூக்கவில்லை. சக்கரம் ஆறட்டும் என்று எல்லோரும் நிழலில் உட்கார்ந்தார்கள். சுகுணா தனியாக ஒதுங்கிப் போய் அருள்குமாருக்குப் போன் போட்டாள்.

"என்னுங்க, ஏழு குடுத்துச்சுன்னீங்களே. எறக்கத்துல கியர்லயா எறக்குவீங்க, நியூட்ரல்லயா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"அன்னிக்கி பிரேக் ஏன் புடிக்கல?"

  அருள்குமார் மெதுவாக, "ஜனத்துக்கு ஒண்ணும் ஆவலியே சுகுணா?" என்று கேட்டான்.

என்ன நடந்தது என்று அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

போனை வைத்துவிட்டாள். மெக்கானிக் வீட்டு வாசலில் தான் வாரி இறைத்த மண் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மனுஷன் அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

புகை அடங்கி, சக்கரம் ஆறிய பிறகு எல்லோரும் ஏறினார்கள். சுகுணா மறுபடியும் முன்சீட்டில் உட்கார்ந்தாள். "ரெண்டாவது கியர்லயே போங்க தம்பி. எவ்ளோ குடிச்சாலும் குடிக்கட்டும்" என்றாள். எஞ்சின் பெரிதாகக் கத்திக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடித்தது. இந்தத் தடவை அவள் குப்புராஜின் கையைப் பார்க்கவில்லை.

மடியில் போன் அடித்தது. அருள்குமார்தான். இப்போது அவன் என்ன சொல்வான், அதில் எவ்வளவு நிஜம் இருக்கும் என்று யோசித்தபடி, அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.