தர்மிகாவிடம் கேட்க விடவில்லை

என் தம்பி சிவநேசனின் மகள் தர்மிகா நோர்வேயில் மந்திரியானாள். செய்தி வந்த அன்று சுவிஸில், லுசேர்ணில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி சொன்னேன். அதே கட்டடத்தில் கீழ்மாடியில் இருக்கும் என் தங்கை தில்லைநாயகி மட்டும் மேலே வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் தகப்பன், அப்பு, ஊரில் கிராமத்துக்குப் பொறுப்பான விதானையாராக இருந்தவர். காரியம் முடிந்த மகிழ்ச்சியில் யாரோ அனுப்பிய வாழைக்குலையை, வந்த வண்டிலிலேயே திருப்பி அனுப்பியவர். தர்மிகா அவரைக் கண்டதில்லை. வடநோர்வேயில், தம்பி மீன் வெட்டிப் பிழைத்த ஒரு துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவள். ஆனாலும் அந்தக் குணம் அப்படியே அவளிடம் வந்திருந்தது. படிக்கும்போதே நகரசபைக்குத் தெரிவானாள். பின்பு துணை மேயர். தம்பி மீன் வேலையை விட்டு உணவகம் திறக்க அனுமதி கேட்டான். அந்த விண்ணப்பம் சபைக்கு வந்ததும் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். சொந்தக்காரரின் விடயம் எடுக்கப்படும்போது சபையில் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அனுமதி கிடைக்கவில்லை. ஒரு கையைத் தூக்கினால் தேய்ந்தா போய்விடும் என்று தம்பி என்னிடம் குறைப்பட்டான். நான் அவனைத்தான் ஏசினேன்.

பாராளுமன்றத் தேர்தலில் முதல்முறை நின்றபோது தோற்றாள். உன் நாட்டுக்கே போ என்று சிலர் அவளுக்கு எழுதினார்கள். அடுத்த முறை வென்றாள். பிறகு நீதி அமைச்சில் மந்திரிக்கு அடுத்த பதவி. அகதி விடயங்களும் அந்த அமைச்சின் கீழ்தான். அந்த நேரத்தில்தான் தில்லையின் மகன் கீர்த்தனன் நோர்வேயில் அகதி முகாமில் இருந்தான்.

தில்லையைக் கணவன் சுவிஸுக்கு எடுப்பித்தபோது, தாயோடு வரக்கூடிய வயதை மகன் கடந்துவிட்டான். அதனால் ஊரில் நின்றான். தகப்பன் செத்த பிறகு, களவாக ஆட்களை அனுப்பும் ஏஜென்சி மூலம் வெளிக்கிட்டு நோர்வேயில் பிடிபட்டான். கைரேகை பதிந்த நாடே பொறுப்பு என்று சுவிஸ் அவனை ஏற்கவில்லை. கடைசியில் நோர்வேயும் நிராகரித்தது.

தர்மிகா கூட்டமொன்றுக்கு ஜெனீவா வந்தாள். திரும்பும்போது எங்கள் வீட்டில் சாப்பிட வருவதாகச் சொன்னாள். முதல் நாளே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பெரியப்பா, கீர்த்தனன்ரை விசயத்தை ஒருத்தரும் என்னட்டைக் கதைக்கக் கூடாது. கதைச்சால் நான் அதை அமைச்சிலை சொல்லவேணும். தனி ஆளின்ரை வழக்கிலை எங்கடை அமைச்சு ஒரு சொல்லும் சொல்லேலாது."

இதைத் தில்லையிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"மந்திரி கந்தோரிலை இருக்கிற பிள்ளைக்கு ஏலாதெண்டால் வேறை ஆருக்கு அண்ணை ஏலும்? ஊரிலை ஒரு எம்.பி.யின்ரை துண்டுக் கடிதத்துக்கு என்னெல்லாம் நடக்குது?"

இது ஊர் இல்லை என்றேன். வா, சமை, சாப்பிடு, அதைப் பற்றி மட்டும் கதைக்காதே என்றேன். நண்டு வாங்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நண்டுக்கறியும் புட்டும் அவள்தான் வைத்தாள். என் மகன் தயாபரன், இவ்வளவு பெரிய ஆளுக்குக் காவலுக்கு ஒருத்தரும் வரவில்லையா என்று பகிடி விட்டான்.

"பெரியப்பா வாசலிலை நிக்கேக்கை வேறை காவல் எதுக்கு?" என்றாள் தர்மிகா.

எல்லோரும் சிரித்தோம். தில்லை சிரிக்கவில்லை. தர்மிகாவின் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கறி விட்டபடியே, "பிள்ளை, உன்ரை மச்சான்..." என்று தொடங்கினாள்.

"தில்லை, வாயை மூடு. இது என்ரை வீடு."

என் தங்கையை நான் மற்றவர்கள் முன்னால் அதட்டியது அதுவே முதல் தடவை. அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கீழே போனாள். தர்மிகா கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு ஒரு வாயும் சாப்பிடவில்லை.

கீர்த்தனனைத் திருப்பி அனுப்பினார்கள். அவன் ஊரில் நிற்கவில்லை. கடன்பட்டு வேறொரு ஏஜென்சியோடு மறுபடியும் வெளிக்கிட்டான். ஏதோ ஒரு நாட்டு எல்லைக் காட்டுக்குள் இருந்து தாயோடு தொலைபேசியில் கதைத்தான். குளிராக இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்றான். பிறகு எடுக்கவில்லை. தயாபரன் விசாரிக்காத இடமில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதினோம். அவன் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ சொல்ல ஒருவரும் இல்லை.

திருப்பி அனுப்பப்பட்டவன் தர்மிகாவின் மச்சான் என்பதை நோர்வேப் பத்திரிகைக்காரர் கண்டுபிடித்தார்கள். தோண்டித் துருவினார்கள். அவனுக்காக அவள் ஒருவரிடமும் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவளிடமும் யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தது. கறைபடாதவள் என்று எழுதினார்கள். அவளை மந்திரியாக்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தம்பியே சொன்னான். சொல்லும்போது அவன் குரலில் மகிழ்ச்சி இல்லை.

பதவியேற்ற அன்று பின்னேரம் தர்மிகாவே தொலைபேசி எடுத்தாள். நான் வாழ்த்தினேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டவில்லை.

"தில்லை மாமி என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அண்டைக்கு அவவைக் கேட்க விட்டிருக்கலாம் பெரியப்பா. நான் ஏலாது எண்டு சொல்லியிருப்பன். அமைச்சிலையும் சொல்லியிருப்பன். அவனுக்கு நடந்தது எப்படியும் நடந்திருக்கும். ஆனா ஏலாது எண்டு சொன்னது நானாய் இருந்திருக்கும். இப்ப அவ உங்களையெல்லே..."

"அதுக்குத்தானே மறிச்சனான்," என்றேன்.

அவள் அழுகிறாளென்று தெரிந்தது. மந்திரி அழக் கூடாது, போய் வேலையைப் பார் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

செய்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். தில்லைக்கு வெறுக்க ஒரு ஆள் வேண்டும். அது எங்கள் குடும்பத்தின் பெயரை அந்த நாட்டில் தூக்கி நிறுத்தியவளாக இருக்கக் கூடாது. நான் கிழவன். தாங்குவேன்.

அடுத்த நாள், கட்டடத்துக்குப் பொதுவான நிலவறை மெசினில் உடுப்புத் தோய்க்கும் முறை தில்லைக்குப் பிறகு எங்களுடையது. நான் இறங்கும்போது தில்லை தன் கூடையோடு ஏறி வந்தாள். தொலைபேசியைக் கையில் பிடித்திருந்தாள். நிலவறையில் சிக்னல் கிடைக்காது. அதனால் படியில் ஏற ஏற அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டேன். யாரோ அந்நியருக்குச் சொல்வதுபோல ஜெர்மனில் நன்றி சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.