லீலாக்கா சொன்ன பதில்

கன்னட நகரம் ஒன்றில், அக்ரஹாரம் என்ற பேட்டையில் நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனை லேபில் லீலாக்காதான் மூத்த டெக்னீஷியன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். அதிர்ந்து பேசமாட்டார், முதலாளி இராமச்சந்திரன் குரலை உயர்த்தினால் தலையைக் குனிந்துகொள்வார்.

போன மழைக்காலத்தில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் பதினாறு பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலை. விடுதித் தொட்டியின் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் ஊற்றி வைத்தோம். மறுநாள் அது மை போலக் கறுத்திருந்தது. சாக்கடை கலந்தால்தான் அப்படிக் கறுக்கும்.

"குடிக்கலாம்னு எழுதிடும்மா. அவ்ளோ பெரிய ஸ்கூல எதிர்த்துக்கிட்டா நம்ம லேப் இருக்காது" என்றார் முதலாளி, லீலாக்காவிடம்.

"அது பொய் சார்."

லீலாக்கா கையெழுத்துப் போடவில்லை. முதலாளி தாளை என்னிடம் நீட்டினார். என் ஊர் கௌதள்ளியில் என் வேலையை நம்பித்தான் வீடே இருந்தது. போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். "நீ ஒண்ணும் பேச வேணாம், வந்து நின்னா போதும்" என்று முதலாளி லீலாக்காவையும் வரச்சொல்லியிருந்தார். ஆட்டோவில் அவர் கண்மூடி இருந்தார்.

"அக்கா, எதுவும் சொல்லிப்போடாதீங்க, வேலை போயிருமுங்க" என்றேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு பூங்குழலி. ஆனா தினம் அந்தப் பிள்ளைங்களுக்காக ஜெபம் பண்றேன். இந்தப் பொய்க்குத் துணை நின்னுட்டு, அவங்கள காப்பாத்துங்கன்னு ஆண்டவர்கிட்ட எந்த வாயால கேட்பேன்?"

தண்ணீரில் குறையே இல்லை என்று தாளாளர் அறிக்கையை வாசித்தார். கூட்டம் ஆறுதலாக மூச்சுவிட்டது. அப்போது ஒரு தாய் எழுந்து லீலாக்காவைப் பார்த்துக் கேட்டாள்: "டெஸ்ட் பண்ணினது நீங்கதானே மேடம்? என் பொண்ணு இதக் குடிக்கலாமா?"

முதலாளி முறைத்தார். லீலாக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"குடீபேடி" என்றார் கன்னடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு அந்தத் தாயிடம், "குடிக்க வேணாம்மா. சாக்கடை கலந்திருக்கு."

அரங்கம் கொந்தளித்தது. "அப்போ இது யார் கையெழுத்து?" என்று தாளாளர் தாளை ஆட்டிக் கத்தினார்.

லீலாக்காவுக்குத் தெரியும். ஆனால் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தனை பேர் ஏச்சையும் தனியாக வாங்கிக்கொண்டு நின்றார். சந்நிதியில் திரை விலகியதும் நெஞ்சுக்குள் ஒன்று நிற்குமே, அப்படி இருந்தது எனக்கு. எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

"என்னுதுங்க. பொய்க் கையெழுத்துங்க" என்றேன்.

திங்கட்கிழமை தோண்டிப் பார்த்தார்கள். உடைந்த கழிவறைக் குழாய் தொட்டிக்குள் கசிந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றிய சில வாரங்களில் நோய் அடியோடு நின்றது. எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று.

லீலாக்கா இப்போது அதே நகரத்தின் மண்டி மொஹல்லாவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறார். அந்தப் பக்கம் போனால் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவருக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.