சுருக்கம் போதும்

1

இந்தக் கதை என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. புதிதாக அடைத்த பல். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருக்கென்றது. இலக்கியக் காரணம் ஒன்றும் இல்லை, மன்னியுங்கள்.

2

முதல் தொடக்கம்: ‘நீல ஒளியில் அவள் முகம் கடலைப் போல…’

(வேண்டாம். அக்கா படித்தால் உதைப்பாள்.)

இரண்டாம் தொடக்கம்: பல் அடைக்கும் கலவைகளைச் சோதிப்பது அக்காவின் வேலை. இரண்டு கண்ணாடித் தண்டுகளுக்கு நடுவே கலவையை வைத்து நீல ஒளி காட்டுவாள். அது இறுகும், இறுகும்போது சுருங்கும், சுருங்கும்போது ஒட்டிய தண்டுகளை இழுக்கும். அந்த இழுப்பைக் கருவி அளக்கும். இழுப்பு மிஞ்சினால் பல்லில் விரிசல் விழலாம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கொஞ்சமாகச் சுருங்கும் கலவையும் விறைப்பாக இருந்தால் பலமாக இழுக்கும். எங்கள் சொந்தத்திலும் அப்படிச் சிலர் உண்டு.)

3

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று அக்காவின் மேலாளரைப் பிடித்துப் போட்டேன். கெட்ட சிரிப்பெல்லாம் கொடுத்திருந்தேன். அக்கா வரைவைப் படித்துவிட்டு அந்தப் பத்தியையே அடித்தாள்.

“அந்த மனுஷன் நல்லவர்டா. ‘ரிப்போர்ட் நீளமா வேண்டாம்மா, சுருக்கம் போதும்’னுதான் சொன்னாரு.”

“நீ?”

“சுருக்கத்த மட்டும் எழுதிக் குடுத்துட்டேன்.”

அவர் கேட்டது நாலு வரி. இவள் கொடுத்தது, கலவை எவ்வளவு சுருங்குகிறது என்ற அளவு மட்டும். இழுப்பை விட்டுவிட்டாள். நாளெல்லாம் சுருக்கத்தோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அந்தச் சொல்லில் வேறு பொருள் தோன்றவில்லை. சுருக்கம் குறைவு என்று கலவை தேறிவிட்டது; பல் டாக்டர்களிடம் போய்விட்டது. அதில் கொஞ்சம் என் வாயில்.

“இழுப்பு எவ்வளவு?”

“ரொம்ப ஜாஸ்தி. உன் பல் வலிக்குதுன்னு சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது.”

“இப்பச் சொன்னா என்ன ஆகும்?”

“வேலை போயிடும். சொல்லலன்னா…” என்று என் கன்னத்தைப் பார்த்தாள்.

நல்ல திருப்பம் என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கமில்லாமல். பிறகு பயம் வந்தது. பல்லுக்காக இல்லை, அவளுக்காக. சரி, பல்லுக்காகவும்தான்.

4

முடிவு அ: அக்கா உண்மையைச் சொல்கிறாள். அலுவலகமே எழுந்து கைதட்டுகிறது. (எந்த அலுவலகத்தில்?)

முடிவு ஆ: அவள் வாயைத் திறக்கவில்லை. ஊரில் யார் யாரோ தண்ணீர் குடிக்கும்போது…

இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

“கதை கெடக்கட்டும். நீ வாயத் திற.”

டார்ச் அடித்து, விரலால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தாள். “விரிசலா அக்கா?” என்று கேட்டேன். “ஆ ஆஆ” என்றுதான் வந்தது.

“மூடாத. அப்படியே இரு.”

டார்ச்சைத் தாழ்த்தாமல் மறு கையால் போனை எடுத்தாள். பல் டாக்டருக்கென்றால் என் பல் பிழைக்கும். மேலாளருக்கென்றால் ஊரார் பற்கள் பிழைக்கும், இவள் வேலை போகும். இருவரையுமே அவள் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவாள்.

கதை எழுதுகிறவன் என்பதால், யாருக்கு என்று நான்தான் சொல்ல வேண்டும். என் வாயோ திறந்து கிடக்கிறது. அவள் இன்னும் மூடச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். அக்கா போனைக் காதில் வைக்கிறாள்.

“சார், சுருக்கமா சொல்லிடறேன்…”