எழும்பாத பஞ்சு

பேய்க்கும் எனக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து மூன்று வயதில் நான் பயப்படுவது இரண்டே வகை ஆட்களுக்கு. பல் டாக்டர், அப்புறம் துணி வெட்டும்போது பின்னால் வந்து நின்று பேச்சுக் கொடுக்கிறவர்கள். அதனால் அண்ணி தன் கட்டிலைக் காட்டி, "அவர் அங்கதான் படுத்திருக்கார்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நல்லவேளையாக வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆபீஸ் மாடிப்படியில் காலை ஒன்பதேகாலுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணி படுக்கையறையில் படுப்பதில்லை. ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் போய்விட்டது. படுத்துத் தூங்கினால்தான் வீக்கம் வடியும், மருந்தெல்லாம் அதற்கு அப்புறம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டு, நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் அன்று காலை போனேன்.

"கட்டில் இருக்கும்போது நாற்காலியில என்ன அண்ணி தவம்?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அறை வாசல்வரை கூட்டிப்போனாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"பாரு. அவர் பக்கம் பாரு."

இரட்டைக் கட்டில். அதன்மேல் ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் தைத்துக் கொடுத்த ஒட்டுப்போர்வை. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு, அடியில் வெளிர் நீலத்தில் முழுத்துணி, நடுவே இரண்டு விரல் மொத்தத்துக்குப் புசுபுசுவென்று பஞ்சு ஷீட். மூன்றையும் சேர்த்துக் கையாலேயே தையல் ஓட்டியிருந்தேன். ஜன்னல் பக்கம், அண்ணன் படுக்கும் பக்கம், போர்வை மேடிட்டிருந்தது. தோள் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் உயரம், பிறகு இடுப்பு, அதற்குக் கீழே மடக்கிய முழங்கால். ஜன்னலைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருக்கிற ஆள். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் படுப்பான்.

"அன்னிக்குக் காலையில போர்வைய மடிக்காமப் போயிட்டார். நான் சத்தம் போட்டேன். சாயங்காலம் வந்து மடிக்கிறேன்னார். எல்லாம் முடிஞ்சு வந்து பார்த்தா இப்படிக் கிடக்குது. மடிச்சு வச்சுப் பார்த்துட்டேன், உதறி விரிச்சுப் பார்த்துட்டேன். அமுக்கி விட்டா கொஞ்ச நேரத்துல எழுந்துக்குது."

"அது பாலியஸ்டர் பஞ்சு அண்ணி. அமுக்கினா எழும்பறதுதான் அதோட வேலை. அதுக்காகத்தான் அதை வாங்கறதே."

"அப்ப என் பக்கம் ஏன் எழும்பல?"

"நீங்க அந்தப் பக்கம் உக்காந்துதானே துணி மடிப்பீங்க? ஆறு வருஷமா நசுங்கி நசுங்கி பஞ்சு செத்துப் போச்சு."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கே. சரி, போய் அவர் பக்கத்துல பத்து நிமிஷம் படு பார்க்கலாம்."

நான் படுக்கவில்லை. முதுகு வலிக்கிறது என்றேன்.

வேறு போர்வை போடுங்களேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். போட்டால் அவரைத் துரத்திவிட்ட மாதிரி இருக்கிறதாம். "இதே துணிதான் இருக்கணும். உள்ள இருக்கறதை மட்டும் மாத்திக் குடு. மெல்லிசா, தட்டையா, எதுவுமே எழும்பாத மாதிரி. அங்க யாரும் இல்லேன்னு என் கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சா நான் படுத்துடுவேன்."

அவ்வளவுதான் விஷயம். அவள் காலும் தூக்கமும் ஒரு பஞ்சு ஷீட்டில் வந்து நின்றன. என் தொழில் அது, மறுக்கவா முடியும்? போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தைத்தவள் நான், அதன் கனம் எனக்குத் தெரியும். அன்று தெருமுனைக்குள் இரண்டு தடவை தோள் மாற்ற வேண்டியிருந்தது.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் வைத்த பேரில்தான் குடும்பத்தில் எல்லோரும் என்னைக் கூப்பிடுவார்கள்: ஊசி. தொழிலுக்காக வைத்த பேர் இல்லை, வாய்க்காக வைத்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், நாலு பேர் நடுவே, "எங்க ஊசி பெரிய வேலைக்காரியாக்கும். ஊருக்கெல்லாம் ஒட்டுப் போட்டுக் குடுக்கறா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேலியாகத்தான் சொன்னான், எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். "இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று கத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஒரு பேச்சையும் கேட்காதவன், அந்த ஒன்றை மட்டும் கடைசிவரை அப்படியே கேட்டான். நான் ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பான். கூப்பிடவில்லை. அவன் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் பஞ்சுக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பழக்கமானவர், வாய் ஓயாது. ஒரு உருளையை இழுத்துப் போட்டு, "தொட்டுப் பாருங்கம்மா, மேகத்துல படுத்த மாதிரி இருக்கும்" என்றார்.

"எனக்கு மேகம் வேண்டாங்க. தரை வேணும்."

நான் எப்போதும் கையோடு இரண்டு துணித்துண்டு கொண்டுபோவேன். பஞ்சைப் பார்த்து வாங்கக் கூடாது. துணிக்கு நடுவே வைத்து, கீழே எதையாவது போட்டு, மேலே எது தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அன்று வீட்டுச் சாவியைப் போட்டேன். முதல் பஞ்சில் சாவி இருந்த இடமே தெரியவில்லை, பஞ்சே தலையணைபோல நின்றது. இரண்டாவதில் ஏதோ புடைப்பு இருந்தது. மூன்றாவது அழுத்திய பருத்தி, நாலாக மடித்த கைக்குட்டை அளவுகூடத் தடிமன் இல்லை. அதை வைத்ததும் சாவியின் பல்லை எண்ணிவிடலாம்போல இருந்தது. சாவியை எடுத்துவிட்டுத் தடவினேன், மேஜை மாதிரிப் படிந்துவிட்டது. ஊசி குத்திப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது.

"இது குளிர் தாங்காதும்மா" என்றார் கடைக்காரர்.

"குளிருக்கு இல்லைங்க."

"அப்புறம் போர்வை எதுக்கு?"

"தூங்கறதுக்கு."

அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வெட்டினார். வெட்டும்போதே, "தையல் நெருக்கமா ஓட்டணும், நாலு விரலுக்கு மேல இடம் விட்டா துவைச்சதும் கட்டி தட்டிடும்" என்றார். எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சலோடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பழைய தையலைப் பிரிக்க இரண்டு பகல் ஆனது. ஓரத்தைப் பிரித்து, கட்டம் கட்டமாக நூலை வெட்டி இழுத்தேன். இரண்டாம் நாள் அண்ணன் பக்கத்தின் கால்மாட்டுக்கு வந்தபோது அடித்துணியில் நான் போடாத தையல் ஒன்றைப் பார்த்தேன். அங்கே கிழிந்திருக்கிறது. யாரோ உள்ளங்கை அகலத்துக்குச் சட்டைத் துணி வைத்து, கறுப்பு நூலால் ஒட்டுப் போட்டிருந்தார்கள். தையலா அது? குடித்துவிட்டு நடந்த எறும்பு வரிசைபோல இருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. சட்டை அண்ணனுடையது. அண்ணிக்குத் தையல் நன்றாக வரும், அவள் இப்படிப் போட மாட்டாள். அவனேதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலில் குத்திக்கொண்டு உட்கார்ந்து போட்டிருக்கிறான். ஒரு போன் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்திருப்பேன். எப்படிச் செய்வான்? வாசப்படி மிதிக்காதே என்றவள் நான்தானே.

தைக்கும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவன் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அந்த ஒட்டை மட்டும் பிரிக்காமல் விட்டேன்.

பஞ்சைத் தனியாக உருவி, சுருட்டி, கயிறு கட்டி மூலையில் வைத்தேன். மறுநாள் காலை குப்பைக்குப் போட வேண்டும். காலையில் பார்த்தால் கயிறு அவிழ்ந்து கிடந்தது. பாலியஸ்டர் வழுக்கும், முடிச்சு நிற்காது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதை எடுத்து, தையல் அறையில் துணி அடுக்கி வைக்கும் ஒற்றைக் கட்டில்மேல், துணிகளையெல்லாம் இறக்கிவிட்டு விரித்தேன். தையல் பிரித்த பஞ்சு ஓரிரு நாளில் உப்பி ஒரே மட்டமாகிவிடும். இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

தையல் அழுந்தியிருந்த கோடுகள் இரண்டு நாளில் மறைந்தன. தோள் மறையவில்லை. இடுப்பு மறையவில்லை. முழங்கால் முன்னைவிட நன்றாகவே மடங்கியிருந்தது.

உள்ளங்கையால் அமுக்கினேன். மெதுவாக எழும்பியது. அப்போது நான் பயந்தேன் என்று சொன்னால்தான் உண்மை. வாசல்வரை போய்விட்டேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு இது யார் என்று ஒரு நினைப்பு வந்தது. நான்கு வருஷமாக என் வீட்டுக்கு வராதவன். வா என்று நான் சொல்லாமலே, நான் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

புதுப் பஞ்சை வைத்துத் தையல் ஓட்ட மூன்று வாரம் பிடித்தது. தினமும் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தைத்தேன். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள், "ஒட்டுப் போட்டா நூல் எந்த நிறம்னு பார்க்க மாட்டியா?" என்றேன். அப்புறம் பேச்சு தானாக வந்தது. திட்டினேன், பழைய கதையெல்லாம் இழுத்தேன், ஒரு நாள் மன்னிப்பும் கேட்டேன். பதில் வரவில்லை. அவன் உயிரோடு இருந்தாலும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பதில் சொல்லாமல்தான் இருப்பான். தைக்கத் தைக்க அண்ணியின் போர்வை தட்டையாகிக்கொண்டே வந்தது. இவ்வளவு சுத்தமான வேலை நான் வேறு செய்ததில்லை.

ஒரு பகல் பதினோரு மணிக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் விரித்தேன். நான்கு ஓரமும் படிந்தது. ஜன்னல் வெளிச்சம் குறுக்கே விழுந்தும் ஒரு நிழல் இல்லை. அண்ணி வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம். சுற்றிப் போய் அவன் பக்கத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவினாள். கால்மாட்டில் கை நின்றது, அடியில் இருந்த ஒட்டு மேலே தெரிந்திருக்கிறது. அவ்வளவு மெல்லிய பஞ்சு. திரும்பி வந்து தன் பக்கம் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"யாரும் இல்ல" என்றாள்.

"இல்ல அண்ணி."

கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. "இல்லேன்னு பார்க்கணும்னுதான் கேட்டேன். பார்த்துட்டேன். இப்பத் தாங்க முடியல. அந்தப் பழைய பஞ்சு எங்க இருக்கு? திரும்ப உள்ள வச்சுத் தைச்சுத் தருவியா? நாற்காலியிலயே தூங்கறேன், பரவாயில்ல. அவர் இங்க இருக்கட்டும்."

அவள் காலைப் பார்த்தேன். வீங்கிப் பளபளவென்று இருந்தது. அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"குப்பைக்குப் போயிடுச்சு அண்ணி. அன்னிக்கே போட்டுட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. "நல்லதுதான்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள். பக்கத்தில் காலி இடம் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது.

பத்து நாள் கழித்து, நான் தையல் அறையில் இருந்தபோது போன் வந்தது. வீக்கம் பாதி வடிந்துவிட்டதாம். பழைய செருப்பே நுழைகிறதாம். டாக்டருக்கு ரொம்பத் திருப்தியாம்.

"நல்லாத் தூங்கறேன். உன் புண்ணியம்" என்றாள் அண்ணி. "ஒண்ணுதான். கனவுலகூட வர மாட்டேங்கறார். வீட்டுல எங்கயுமே இல்ல. ஒரு மனுஷன் இப்படியா போவார்? எங்கதான் போனார்னு தெரியல."

ஒற்றைக் கட்டிலில் தோள் உயர்ந்து நின்றது. காலையில் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, இப்போது என் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது. என் இடது கை அதன்மேல்தான் இருந்தது, அமுக்காமல்.

"எனக்கும் தெரியலையே அண்ணி" என்றேன். பக்கத்தில் யாராவது தூங்கும்போது நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடும் இல்லையா, அப்படி மெதுவாகத்தான் சொன்னேன்.